தராசு அண்ணனின் ரெட்டை வண்டி

பெற்ற பிள்ளைகளைக் கொஞ்சிய அப்பாக்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். அடித்த அப்பாக்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளைத் தினம் காலையில் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பல் விளக்கப் போன அப்பா இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் வில்லியனூரில் எனக்கு எதிர் வீட்டில் அவர் குடியிருந்தார். அவருக்கு நல்லதாக ஒரு பேர் உண்டு. மேரி ஆபீஸில், அதாவது ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீஸில், குமாஸ்தாவாக இருந்த நானே அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே வழி தெரியாமல் திரும்ப வேண்டியதுதான். ஊருக்கு அவர் தராசு.

எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்ததும் மற்றவர்கள் தராசை மண்டியிலேயே மாட்டிவிட்டு வருவார்கள். இவர் மனசுக்குள் தூக்கிக்கொண்டு வருவார். கடையில் கத்தரிக்காய் வாங்கினால் கடைக்காரன் நிறுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையையும் பெண் மாலையையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்து, பெண் மாலை இரண்டு பலம் குறைகிறது என்று சொல்லி, நாலு சாமந்தி வாங்கிவரச் சொல்லி அதில் கட்டிய பிறகுதான் வழிவிட்டார். ஐயர் வாயில் மந்திரம் பாதியில் நின்றது. அதற்கப்புறம் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்துபோனது.

இந்த மனுஷனைக் கேலி செய்யும் தைரியம் அவர் சம்சாரத்துக்கு மட்டும்தான் இருந்தது. "என்னையும் நிறுத்துப் பாத்துதான் கட்டிக்கினியா?" என்று அந்த அக்கா தெருவே கேட்கிற மாதிரி கேட்பாள். இவர் சிரிக்காமல் நாலு மணங்கு, கொஞ்சம் தூக்கல் என்பார்.

அந்த அக்கா இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள்.

பிறப்புக்கு ஒரு புத்தகம், இறப்புக்கு ஒரு புத்தகம். ஒரே காலையில் இரண்டிலும் நான் எழுதினேன். இரண்டிலும் அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர், "பாப்பா ஒன்றரை வீசைதான் இருக்குது தம்பி" என்றார். இப்போதைய கணக்கில் இரண்டு கிலோ. மை ஒற்றும் காகிதத்தை எடுத்து, ஏற்கனவே ஒற்றிய இடத்தையே திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாளே பாகூரிலிருந்து அவர் மச்சான் வந்துவிட்டார். கரும்பு வயல், கறவை மாடு எல்லாம் உள்ள ஆள். பிள்ளை மட்டும் இல்லை. பெரியவனுக்கு அப்போது இரண்டரை வயசு. பையனைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும், பெண் பிறந்ததுமே ஆத்தாளை முழுங்கிவிட்டதால் அதைப் புதுச்சேரிக் கன்னியாஸ்திரி மடத்தில் விட்டுவிடலாம் என்றும் தாய்மாமன் முறையில் தீர்ப்புச் சொன்னார். ஊர்ப் பெரிய மனிதர்களும் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். தராசு அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்கும்" என்றார். மச்சான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார்.

சொல்வது சுலபம். மண்டிக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பெரியவனை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, பாப்பாவை வலது தோளில் போட்டுக்கொண்டு இவர் நடந்தால் உடம்பு இடது பக்கம் கோணிக்கொண்டே போகும். எடை சரியில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய உறுத்தல். இடுப்பு வலியைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அந்தச் சமயத்தில் புதுச்சேரி டவுனில் இரண்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறப் போகின்றன, வீட்டுச் சாமான் ஏலம் போடுகிறார்கள், அதில் பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டியும் இருக்கிறது என்று நான்தான் துப்புக் கொண்டுவந்தேன். கூடவும் போனேன். அப்போது நான் டவுனிலிருந்து புதுக் குடை ஒன்று வாங்கியிருந்தேன். மழை வந்தால் நனைந்துவிடும் என்று அதை விரிக்கவே மாட்டேன். அடுத்தவர் தலைக்குப் பிடிப்பதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. அப்படி ஒரு கஞ்சப் பிசுநாறி நான்.

ஏலத்தில் இரண்டு வண்டி இருந்தது. ஒன்று நீளமாக, ஒடுக்கமாக, ஒரு பிள்ளைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை உட்காருகிற மாதிரி. மற்றது அகலமாக, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. அகல வண்டிக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக, வெயிலுக்கு இழுத்துவிடுகிற கூண்டுத்துணி. அதில் ஒரு பக்கத் துணி கிழிந்து கம்பிதான் மிச்சம். ஏலம் போட்ட பட்லர் நம்ம ஊர் ரோட்டுக்கு ஒடுக்க வண்டிதான் தோது என்றார். நானும் அதையேதான் சொன்னேன். வந்திருந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

தராசு அண்ணன் ஒடுக்க வண்டியைச் சுற்றிவந்து, "இதுல பின்னாடி உக்காந்தவனுக்கு முன்னாடி உக்காந்தவ முதுகுதான தெரியும்?" என்று கேட்டார்.

"முதுகு தெரிஞ்சா இன்னா அண்ணே?" என்றார் பட்லர்.

"மொகம் தெரியணும்பா. அதுங்களுக்கு வேற யார் மொகம் இருக்குது?"

அகல வண்டியை இவர் சும்மா வாங்கவில்லை. நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அடியிலிருந்த ஸ்பிரிங் வில்லை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மடியிலிருந்து எடை பார்க்கிற தூக்குக்கோலை எடுத்துக் கைப்பிடியில் மாட்டி, ஒரு முனையைப் பட்லரைப் பிடிக்கச் சொல்லி, முன்பாரம் எவ்வளவு பின்பாரம் எவ்வளவு என்று கணக்குப் பண்ணினார். ஏலம் அரை மணி நேரம் நின்றது. கடைசியில் திருப்தியாக, எடை சுத்தம் என்றார்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த மகானுபாவர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அகலத்தை அளந்து பார்க்கவில்லை. வில்லியனூர் வரை தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் வண்டி வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தள்ளினோம், சாய்த்துத் தள்ளினோம், தலைகீழாகக் கவிழ்த்தும் தள்ளினோம். ம்ஹூம். மறுநாள் கடப்பாரை எடுத்து, நிலைக்குப் பக்கத்திலிருந்த மண்சுவரில் ஒரு முழம் இடித்து, நிலைக்காலைத் தள்ளி நட்டுவிட்டார். கதவு ஒரு முழம் குறைச்சலாயிற்று. அந்தச் சந்தில் நாய் வந்தது, கோழி வந்தது, ஐப்பசியில் சாரலும் வந்தது. வண்டி உள்ளே வந்தது, அவருக்கு அது போதும்.

அடுத்த சங்கடம் ரோட்டில் காத்திருந்தது. பெரியவன் சரியாக ஒரு மணங்கு, அதாவது எட்டு வீசை. பாப்பா அப்போது இரண்டு வீசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்டி பெரியவன் பக்கம் அமுங்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து ஓடியது. வேறு யாராவது இருந்தால் வண்டியைத் திட்டியிருப்பார்கள். தராசு அண்ணன் மண்டிக்குப் போய், முத்திரை தேய்ந்துபோனது என்று கழித்துப் போட்டிருந்த இரும்பு எடைக்கற்களைக் கேட்டு வாங்கிவந்தார். அதில் ஆறு வீசைக் கற்களைத் துணியில் சுற்றிப் பாப்பா காலடியில் வைத்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பாரம் மட்டும் அதிகம், தள்ளுகிறவர் நாக்கு வெளியே வந்தது. வண்டிக்குப் பிரேக் கிடையாது என்பதால் தேர்ச் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு குட்டி முட்டுக்கட்டை செய்து இடுப்பில் செருகியிருப்பார். ஊர் அதைத் தராசு தேர் என்று சொல்ல ஆரம்பித்தது.

அப்புறம் வெயில். கூண்டுத்துணி ஒரு பக்கம்தானே இருந்தது? யாருக்கு நிழல்? அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். பாதி வழி வரை பாப்பாவுக்கு. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, முட்டுக்கட்டை போட்டு, பாப்பாவை இறக்கி, பெரியவனை இறக்கி, கற்களை இறக்கி, எல்லாவற்றையும் இடம் மாற்றி ஏற்றி, மீதி வழி பெரியவனுக்கு. பிள்ளை ரெண்டரை வயசு, அதற்கு நிழல் முறை எங்கே தெரியப் போகிறது என்று நான் கேட்டதற்கு, எனக்குத் தெரியுமே என்றார். இந்தக் கூத்தில் தினம் மண்டிக்கு லேட்டு. முதலாளி கத்துவார். இவர் காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பாப்பா மெள்ள மெள்ளத் தேற ஆரம்பித்தது. அது அரை வீசை ஏறினால் அரை வீசைக் கல் வண்டியிலிருந்து இறங்கும். தெருவே இதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணிக்குப் போகிற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இன்னா தராசு, கல்லு எறங்குச்சா என்று கேட்பார்கள். இறங்கியது என்றால் ஒருத்தி மோர் கொண்டுவருவாள், ஒருத்தி பாலாடையில் பால் கொண்டுவந்து பாப்பா வாயில் ஊற்றுவாள். ஆறு வீசைக் கல் நாலு வீசை ஆயிற்று. தாயை முழுங்கியது என்று சொன்ன அதே வாய்கள்தான் பாப்பாவைக் கொஞ்சின. அந்த நாலு மாசமும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையிலும் வண்டி போனது. ஒருநாள் கல் நாலிலிருந்து மூன்றரை ஆயிற்று. தெரு சந்தோஷப்பட்டது. பத்து நாளில் மூன்று. அடுத்த பத்தில் இரண்டரை. இவ்வளவு வேகமாக இறங்கியதே இல்லை. மாரியம்மன் கோயிலில் யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள். நானும் என் பங்குக்கு ஆபீஸ் வாசலில் அவரை நிறுத்தி, பாப்பா பிடிச்சுக்கிச்சு போல இருக்கே அண்ணே, இனிமே கவலை இல்லை என்று பல்லைக் காட்டினேன்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா ஏறல தம்பி. பெரியவன் எறங்கிட்டான்."

அப்போதுதான் நான் பையனைப் பார்த்தேன். தினம் பார்த்தவன்தான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். கக்குவான் இருமல். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக, வண்டி மூலையில் சுருண்டு கிடந்தான். இருமினால் முகம் நீலம் பாரித்தது. கல் இறங்குவதை எண்ணி எண்ணி ஊரே மோர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை ஒன்றரை வீசை கரைந்திருந்தான். இடித்த சுவரின் சந்து வழியாக வந்த சாரல் அவன் படுக்கைக்கு நேராக வந்திருக்கிறது. அவர் அதைக் கோணி வைத்து அடைத்திருந்தார். எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, பாகூர்ல மாடு இருக்குது, நல்ல ஓட்டு வூடு இருக்குது, உங்க மச்சான் சம்சாரம் கையில வெச்சுத் தாங்குவாங்க. ரெண்டு மாசம் விட்டு வைங்க. ஒடம்பு தேறினதும் கூட்டிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். நான், நானேதான். இரண்டு மாசம் என்ற கணக்கும் நான் போட்டதுதான்.

தை மாசம் போனோம். வில்லியனூரும் பிரெஞ்சு மண், பாகூரும் பிரெஞ்சு மண், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ்காரன் மண். அங்கே ஒரு சுங்கச்சாவடி, அதில் ஒரு மீசைக்காரர். சாவடி கிட்டத்தட்டப் பாதி வழியில் இருந்ததால் தராசு அண்ணன் அவர் கண்ணெதிரிலேயே நிழல் முறை மாற்ற ஆரம்பித்தார். பிள்ளை காலடியிலிருந்து துணி சுற்றிய இரும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மீசைக்காரருக்குக் கள்ளக்கடத்தல் பிடித்த ஆனந்தம். மெத்தையைக் கிழித்தார், வண்டி அடியில் படுத்துப் பார்த்தார், கற்களை ஒன்றோடொன்று தட்டி உள்ளே கூடு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் தராசு அண்ணன் கல் இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, வண்டியை அவர் கையிலேயே கொடுத்துத் தள்ளச் சொன்னார். பத்தடி தள்ளியதும் வண்டி கோணிக்கொண்டு ஆவாரம் புதரில் போய் இடித்தது. மீசைக்காரர் தூசியைத் தட்டிவிட்டு, தன் கையாலேயே கற்களை எடுத்துப் பாப்பா பக்கம் வைத்தார்.

பாகூரில் பையனை விட்டுவிட்டு வந்தோம். அவன் தூங்கும்போது கிளம்பினோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

இரண்டு மாசமும் அவர் நாள் தவறாமல் பெரியவன் இடத்தில், பாப்பா எடைக்குச் சரியாகக் கல் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். பாப்பாவை நடுவில் வைத்தால் கல்லே வேண்டாமே என்று மண்டியில் எல்லோரும் சொன்னார்கள். அது அவன் இடம் என்றார். சுவரை மறுபடி மண் வைத்துப் பூசினார். வண்டி உள்ளே போகாது என்பதால் வாசலில் அதற்குத் தனியாக ஓலைக் கொட்டகை போட்டார். பெரியவன் வரும்போது வீட்டுக்குள் காற்று வரக் கூடாது என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

பங்குனியில் அவனை அழைத்துவரப் போனோம். நல்ல வெயில். சுங்கச்சாவடியில் மீசைக்காரர் பழைய சிநேகிதர் மாதிரி எழுந்து வந்து, பையன் இடத்தில் கல் இருப்பதைப் பார்த்து, அவன் இன்னும் திரும்பவில்லையா என்று விசாரித்தார். "திரும்பி வரும்போது பாருங்க சார், இந்த எடத்துல உக்காந்துனு வருவான்" என்று தராசு அண்ணன் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

பையன் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஓடிவந்தான். ஓடிவந்தான் என்பதைக் கவனியுங்கள். கன்னம் புடைத்திருந்தது, இருமல் சுவடே இல்லை. இவரைப் பார்த்ததும் நின்று, மச்சான் சம்சாரத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டான். மச்சான் பழைய தீர்ப்பை எடுக்கவில்லை. மனுஷன் அன்று கெட்டவராக நடந்துகொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தராசு அண்ணன் வழக்கப்படி தராசு கேட்டார். வெல்லம் நிறுக்கிற தராசு கொட்டகையில் தொங்கியது. பையனை ஒரு தட்டில் உட்கார வைத்தார். அடுத்த தட்டில் மணங்குக் கல் வைத்தார். பையன் தட்டு தரையை விட்டு எழவில்லை. அரை வீசை சேர்த்தார். முள் நேராக நின்றது; இருமலுக்கு முன்னால் இருந்ததைவிட அரை வீசை தூக்கல். பையனை இறக்கிவிட்டு, வண்டியிலிருந்து பாப்பாவைத் தூக்கிவந்து வைத்தார். நாலரை வீசை. இரண்டு மாசத்தில் அது அரை வீசைதான் ஏறியிருந்தது.

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோர் பேச்சையும் மறுத்துப் பேசத் தெரிந்த மனுஷன், தராசு சொன்னதை மறுத்துப் பேச அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் அதை அவர் பழகவே இல்லை.

"இருக்கட்டும் மச்சான்" என்றார். "இங்கயே இருக்கட்டும்."

மச்சான் அழுதுவிட்டார். பாப்பாவையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லி மச்சான் சம்சாரம் கேட்பாள் என்று நான் நின்று பார்த்தேன். அவள் கேட்கவில்லை. வண்டி கோணாமல் இருக்கட்டும் என்று பையன் இடத்தில் ஒரு வெல்ல மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். நல்லெண்ணம்தான். தராசு அண்ணன் அதைத் தூக்கித் திரும்ப வாசலில் வைத்துவிட்டு, கொண்டுவந்த கற்களையே அந்த இடத்தில் வைத்தார். வந்தபடியே கிளம்பினோம். என் யோசனையால் இரண்டு பிள்ளைகளைப் பிரித்தேன் என்பது அன்றைக்கும் தெரியும், இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் தெரிகிறது. பையன் பிழைத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் செல்லும்.

சுங்கச்சாவடி வந்தது. மீசைக்காரர் எழுந்து வந்தார். பையன் இடத்தில் கல் இருந்ததைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர் தராசு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்த் தடுப்புக் கழியைத் தூக்கிப் பிடித்தார்.

வண்டி நகரவில்லை. தராசு அண்ணன் இடுப்பிலிருந்து முட்டுக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் போட்டார். பாதி வழி. நிழலில் இருந்த பாப்பாவைத் தூக்கி என் கையில் கொடுத்தார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூண்டுத்துணி இருந்த பக்கம் நிழலில் அடுக்கினார். பாப்பாவை வாங்கி வெயில் பக்கம் உட்கார வைத்தார். கல்லுக்கு நிழல் எதற்கு அண்ணே என்று கேட்க வந்தேன். அவர் அந்தத் துணியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, வெயில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி வழி அவன் மொறை தம்பி" என்றார்.

நான் என் குடையை விரித்தேன். பாப்பா பக்கம் பிடித்துக்கொண்டு வில்லியனூர் வரைக்கும் அவர் பக்கத்திலேயே நடந்து வந்தேன்.